சொராரிட்டியில் சேரலாமா? ரஷ் வாரத்துக்கு முன்பே போட வேண்டிய கணக்குகள்

நான்கு வருடங்களுக்கு முன், ஒரு ஜூலை மாத மாலை. அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த என் மகள், "அம்மா, ரஷ்ஷுக்குப் பதிவு செய்துகொள்ளட்டுமா? இன்றுதான் கடைசி நாள்" என்றாள். ரஷ் என்றதும் எனக்குத் தீபாவளிக்கு முந்தைய வாரத்து ரங்கநாதன் தெருதான் நினைவுக்கு வந்தது. என்ன ஏது என்று நான் கேட்பதற்குள் கட்டணத்தைக் கட்டிவிட்டாள். சொராரிட்டி என்பது கல்லூரிப் பெண்கள் சேரும் சகோதரிச் சங்கம், ரஷ் என்பது அவை புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் சேர்க்கை வாரம் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அடுத்த மாதம் அவள் ஒரு சொராரிட்டியில் சேர்ந்தாள். கடைசி வருடம் வரை இருந்தாள். மறு ஆண்டு என் அக்கா மகள் வேறொரு மாநிலத்தில் அதே வழியில் போய்ச் சேர்ந்து, ஆறாவது வாரம் விலகினாள்.

இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்தவள் என்ற முறையில் என் கருத்து ஒன்றுதான். சேர்வதா வேண்டாமா என்பதை ரஷ் வாரத்துக்குள் முடிவு செய்ய முடியாது. அந்த வாரத்தில் யோசிக்க நேரம் கிடையாது, தூக்கம் கிடையாது, சுற்றிலும் ஆயிரம் பேர் கைதட்டிப் பாடிக்கொண்டிருப்பார்கள். கணக்கையெல்லாம் அதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து போட்டுவிட வேண்டும். என்னென்ன கணக்கு என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. உங்கள் கல்லூரியில் எந்த வகை இருக்கிறது என்று பாருங்கள்

கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்துக்கொண்டதெல்லாம் சொராரிட்டி அல்ல. 1776இல் தொடங்கிய ஃபை பீட்டா கப்பா, நன்றாகப் படித்தவர்களைக் கௌரவிக்கும் அமைப்பு. ஆல்ஃபா ஃபை ஒமேகா, ஆண் பெண் இருபாலரும் சேரும் சேவை அமைப்பு. மகளுக்கு ஏதோ ஒரு கிரேக்கப் பெயரில் கடிதம் வந்தது என்று பதறாதீர்கள். முதலில் எது என்று பாருங்கள்.

உண்மையான சொராரிட்டிகள் பெரும்பாலும் மூன்று கூட்டங்களாக இருக்கின்றன. முதலாவது, 1902இல் உருவான தேசிய பான்ஹெலனிக் மாநாட்டின் கீழ் வரும் சங்கங்கள். உறுப்பினர்கள் சேர்ந்து தங்கும், பெரிய தூண்கள் வைத்த வீடு, ஆகஸ்ட் மாத ரஷ், 2021இல் டிக்டாக்கில் உலகமே பார்த்த அலபாமா பல்கலைக்கழகப் பெண்களின் உடையலங்கார வீடியோக்கள் எல்லாம் இந்த வகை. ஆண்கள் தங்கள் சங்கங்களில் நுழையவிடாத காலத்தில் பெண்கள் தங்களுக்கென அமைத்துக்கொண்ட சங்கங்கள் இவை. 1870இல் இண்டியானாவில் கப்பா ஆல்ஃபா தீட்டா தொடங்கியபோது இத்தகைய சங்கங்களுக்கு 'சொராரிட்டி' என்ற பெயரே வழக்கில் இல்லை. 1882இல் சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு லத்தீன் பேராசிரியர்தான், அக்கா தங்கையைக் குறிக்கும் 'சொரோர்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து அதை எடுத்துக்கொடுத்தார்.

இரண்டாவது, கறுப்பினப் பெண்களின் நான்கு சொராரிட்டிகள். 1908இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் பிறந்த ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா இவற்றில் மூத்தது. தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் 1986இல் சேர்ந்தது இதில்தான். அவர் தேர்தலில் நின்றபோது இளஞ்சிவப்பும் பச்சையும் அணிந்து திரண்ட பெண்கள் அவருடைய இந்தச் சகோதரிகளே. இங்கே உறவு பட்டத்தோடு முடிவதில்லை. அறுபது வயதிலும் கூட்டத்துக்குப் போகிறார்கள்.

மூன்றாவது, பல்பண்பாட்டு, ஆசிய, லத்தீன் அமெரிக்க சொராரிட்டிகள். தெற்காசியப் பெண்கள் தொடங்கியவையும் இதில் உண்டு. 1998இல் ஆஸ்டினில் கப்பா ஃபை காமா, அதே ஆண்டு டிசம்பரில் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் டெல்ட்டா ஃபை ஒமேகா, மறு ஆண்டு டெக்ஸாஸ் ஏ அண்டு எம்மில் டெல்ட்டா கப்பா டெல்ட்டா. மூன்றும் டெக்ஸாஸில், இரண்டே ஆண்டுகளுக்குள். எண்பதுகளில் குடியேறிய இந்தியர்களின் பெண்கள் கல்லூரிக்கு வந்து சேர்ந்த நேரம் அது என்பதை நினைத்தால் ஆச்சரியமில்லை. இவற்றில் ஆள் எண்ணிக்கை சிறியது, பெரும்பாலும் சொந்த வீடு கிடையாது, அதனால் செலவும் குறைவு.

பொறியியல் படிக்கும் பெண்களுக்கென்றே 1983இல் மார்க்கெட் (Marquette) பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா ஒமேகா எப்சிலான், 1984இல் பர்டியூவில் ஃபை சிக்மா ரோ என இரண்டு உண்டு. என் மகளுக்கு இது மூன்றாம் ஆண்டில்தான் தெரியவந்தது. "முதலிலேயே தெரிந்திருந்தால் அங்கே போயிருப்பேன்" என்றாள். முதல் படியில் ஒரு மணி நேரம் செலவிடச் சொல்வது இதற்காகத்தான்.

சில கல்லூரிகளில் இந்தப் பேச்சே இல்லை. ஹூஸ்டனிலுள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தில் சொராரிட்டிகள் கிடையாது. வேறு சிலவற்றில், வாண்டர்பில்ட், நார்த்வெஸ்டர்ன் போன்ற இடங்களில், முதல் பருவம் முடிந்து ஜனவரியில்தான் சேர்க்கை. என்னைக் கேட்டால் அதுவே நல்ல முறை. வகுப்பறைக்கு வழி தெரிந்த பிறகு தோழிகளைத் தேடலாம்.

2. பணக் கணக்கு

இணையத்தில் போட்டிருக்கும் தொகையை நம்பி உட்காராதீர்கள். அங்கே இருப்பது சந்தா மட்டும். என் மகளின் முதல் செமஸ்டர் பில்லை இன்னும் வைத்திருக்கிறேன். சந்தா 900 டாலர். அதற்குக் கீழே புது உறுப்பினர் கட்டணம் 280, நெஞ்சில் குத்திக்கொள்ளும் பின்னுக்கு 190, வீட்டுப் பராமரிப்பு நிதி 450, டி-ஷர்ட்டுகள் 120, விழா நடனத்துக்கு 200. ஆக மொத்தம் 2,140. தொள்ளாயிரம் என்று நினைத்துப் பணம் எடுத்துவைத்தவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். டி-ஷர்ட்டைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை: பட்டம் வாங்கி வீட்டுக்கு வந்தபோது அவளிடம் நாற்பத்தோரு டி-ஷர்ட்டுகள் இருந்தன. இப்போது எங்கள் வீட்டில் கார் துடைக்கத் துணிக்குப் பஞ்சமில்லை.

இடத்துக்கு இடம் தொகை மாறும். தெற்கு மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகங்களில் ஒரு செமஸ்டருக்குப் பல ஆயிரம் டாலர் ஆவதும் உண்டு. சிறிய, வீடில்லாத கிளைகளில் (ஒரு கல்லூரியில் இயங்கும் சங்கப் பிரிவுதான் கிளை) சில நூறோடு முடிவதும் உண்டு. ஆகவே கிளையின் பொருளாளரிடமோ கல்லூரியில் இந்தச் சங்கங்களைக் கவனிக்கும் 'கிரேக்க வாழ்க்கை' அலுவலகத்திலோ எழுத்தில் கேளுங்கள். முதல் ஆண்டு மொத்தம் எவ்வளவு? இரண்டாம் ஆண்டு எவ்வளவு? கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம் உண்டா? வீட்டில் தங்கித்தான் ஆக வேண்டுமா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். பல இடங்களில் இரண்டாம் ஆண்டு சொராரிட்டி வீட்டில் தங்க வேண்டும் என்று ஒப்பந்தம் போடுகிறார்கள். வாடகை, சாப்பாடு எல்லாம் சேர்ந்து கல்லூரி விடுதியைவிடக் குறைவாகவும் இருக்கலாம், கூடவும் இருக்கலாம். சைவம் சாப்பிடுபவர்கள் சமையல்காரர் என்ன செய்து தருவார் என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். தினமும் கீரை சாலட்டில் இரண்டு வருடம் ஓடாது.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ எஃப்-1 மாணவர் விசாவில் வந்த மாணவிகள் சேர்வதில் தடையில்லை. ஆனால் வளாகத்தில் வாரம் இருபது மணி நேரம் வேலை செய்து வருகிற சம்பளத்தில் இதைக் கட்டிவிடலாம் என்று திட்டம் போடாதீர்கள். வேலைக்குப் போகும் அதே மாலை நேரங்களைத்தான் சொராரிட்டியும் கேட்கும்.

3. நேரக் கணக்கு

என் அக்கா மகள் தோற்றது இந்தக் கணக்கில்தான். மருத்துவப் படிப்புக்கு முன்னோட்டமாக வேதியியல் எடுத்திருந்தாள். அவளுடைய கிளைக் கூட்டம் திங்கள் இரவு ஏழரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடியும். ஆய்வறை திங்கள் மாலை ஆறே முக்கால் வரை. நடுவிலுள்ள முக்கால் மணி நேரத்தில் அறைக்கு ஓடி, சொன்ன நிறத்தில் உடை மாற்றி, வளாகத்தின் மறுகோடிக்குப் போக வேண்டும். செவ்வாய் காலை எட்டு மணிக்குத் தேர்வு. மூன்றாவது திங்கள் அவள் என்னை அழைத்தது நடந்துகொண்டே, மூச்சு வாங்கியது. "சித்தி, சாப்பிடவில்லை" என்றாள்.

வாராந்தரக் கூட்டம், புது உறுப்பினர் வகுப்பு, சேவைக்கான நிதி திரட்டல், மற்ற அமைப்புகளுடனான விருந்து, குறைந்தபட்ச மதிப்பெண் சராசரிக்காக நூலகத்தில் கட்டாயமாக உட்கார வேண்டிய மணி நேரங்கள் எல்லாம் சேர்ந்து முதல் செமஸ்டரை நிறைத்துவிடும். எனவே பாட அட்டவணை கைக்கு வந்ததும் ஒரு தாளில் ஏழு நாட்களுக்குக் கோடு போட்டு, வகுப்பு, ஆய்வறை, வேலை, தூக்கம் ஆகியவற்றை முதலில் நிரப்புங்கள். அதற்குப் பிறகு கிளையின் கூட்ட நாளை எழுதிப் பாருங்கள். ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால், "எப்படியாவது சமாளித்துக்கொள்வேன்" என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளாதீர்கள்.

4. கிளையின் பழைய கதையைத் தோண்டுங்கள்

ஹேஸிங் என்று இவர்கள் சொல்வது நம்மூர் ராகிங்தான். தமிழ்நாட்டில் 1997இல் ராகிங்குக்குத் தனிச் சட்டமே வந்தது. அந்த வலி நமக்குப் புதிதல்ல. அமெரிக்காவிலும் பெரும்பாலான மாநிலங்களில் ஹேஸிங் தடைச் சட்டங்கள் உண்டு. 2024 டிசம்பரில் ஒரு கூட்டாட்சிச் சட்டமும் வந்தது. அதன்படி ஹேஸிங் விதியை மீறியதாகக் கண்டறியப்பட்ட மாணவர் அமைப்புகளைப் பற்றிய அறிக்கையைக் கல்லூரிகள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். உங்கள் கல்லூரியின் பெயரோடு ஹேஸிங் அறிக்கை என்று தேடுங்கள். நீங்கள் விரும்பும் கிளையின் பெயர் அதில் இருந்தால் எந்த ஆண்டு, என்ன நடந்தது என்று படியுங்கள். ஒரு முறை தவறி, தண்டனை பெற்று, திருந்திய கிளை ஒன்று. வருடா வருடம் பெயர் வரும் கிளை வேறு.

இன்னொரு விஷயத்தைப் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள், பெற்றோரிடம் சொல்வதில்லை. பெரும்பாலான பழைய சொராரிட்டி வீடுகளில் மது கூடாது என்பது விதி. கேட்க நிம்மதியாக இருக்கும். ஆனால் அதன் விளைவு என்னவென்றால், விருந்துகள் ஆண்களின் சங்கங்களான ஃபிரட்டர்னிட்டிகளின் வீடுகளில் நடக்கின்றன. கதவு, இசை, பானம் மூன்றும் அவர்கள் கையில். ஆகவே இப்படிக் கேளுங்கள்: விருந்துக்குப் போனால் குடிக்காமல் இருந்து எல்லோரையும் திருப்பிக் கூட்டிவருவது யார்? ஒருத்தி நடுவில் கிளம்ப வேண்டுமென்றால் யாரை அழைப்பாள்? நல்ல கிளையில் இதற்குப் பெயர்ப் பட்டியலே இருக்கும், உடனே சொல்வார்கள். சிரித்து மழுப்பினால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நிறத்தைப் பற்றியும் கூச்சப்படாமல் பேச வேண்டும். அலபாமாவில் 2013இல்கூட, தகுதியிருந்தும் கறுப்பினப் பெண்கள் ஒதுக்கப்பட்டதை அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர் பத்திரிகைதான் வெளிக்கொண்டு வந்தது. அதன் பிறகே கதவு சற்றுத் திறந்தது. இன்று நிலைமை மாறியிருக்கிறது. ஆனாலும் கிளையின் குழுப் படத்தை உற்றுப் பாருங்கள். நூற்றைம்பது முகங்களில் உங்கள் நிறத்தில் ஒன்றோ இரண்டோதான் இருந்தால், அந்த இருவரில் ஒருவரைக் கண்டுபிடித்துத் தனியே ஒரு காபி குடியுங்கள். ரஷ் நாட்களில் உறுப்பினர்கள் சேர்க்கை நிகழ்ச்சிகளுக்கு வெளியே உங்களோடு பேசக் கூடாது என்ற கட்டுப்பாடு இருக்கும். அதனால் முன்பே செய்யுங்கள். சில பழைய சங்கங்களின் சடங்குகளில் கிறித்தவச் சாயல் உண்டு. அது உங்களுக்கு உறுத்துமா என்பது உங்கள் வீட்டு விஷயம்.

5. ரஷ் வாரம்

இதை என் அம்மாவுக்குத் தொலைபேசியில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பெண் பார்க்கிற மாதிரியா?" என்றார். ஏறக்குறைய அப்படித்தான். ஒரே வித்தியாசம், இங்கே ஒரு பெண், பதினாறு மாப்பிள்ளை வீடு, அதுவும் பெண்தான் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்க வேண்டும். பஜ்ஜி சொஜ்ஜி கிடையாது. எலுமிச்சைச் சாறு கிடைக்கும்.

முதல் சுற்றில் எல்லா வீடுகளுக்கும் போவீர்கள். ஒவ்வொன்றிலும் அரை மணிக்கும் குறைவு. அடுத்து அவர்களுடைய சேவைப் பணியைச் சொல்லும் சுற்று, அதன் பின் சகோதரித்துவச் சுற்று, கடைசியில் இரண்டே வீடுகள் வரை மிஞ்சும் விருப்பச் சுற்று. ஒவ்வொரு நாளின் முடிவிலும் நீங்கள் வீடுகளை வரிசைப்படுத்துவீர்கள். அவர்கள் உங்களை வரிசைப்படுத்துவார்கள். கணினி இரண்டையும் பொருத்தும். காலையில் தாளைத் திறந்தால், நேற்று கையைப் பிடித்துக்கொண்டு பேசியவளின் வீட்டுப் பெயர் இருக்காது. பல பெண்கள் அழுவது இந்த இடத்தில்தான். என் மகளும் அழுதாள். இருபது நிமிடப் பேச்சில் யாரும் யாரையும் எடை போட்டுவிட முடியாது என்பதை முன்பே சொல்லி அனுப்புங்கள். சொன்னாலும் அழுவார்கள், ஆனால் சீக்கிரம் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

பேச்சில் நீங்கள் கேட்க வேண்டியது, "இங்கே உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்பதல்ல. அதற்கு எல்லோரிடமும் மனப்பாடமான பதில் இருக்கிறது. "போன வாரம் செவ்வாய்க்கிழமை இரவு என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். "இந்த வருடம் எத்தனை பேர் விலகினார்கள், ஏன்?" என்று கேளுங்கள். என் மகள் ஒரு வீட்டில் இதைக் கேட்டபோது எதிரே நின்ற பெண் ஒரு நொடி தயங்கி, "நானே போன வருடம் விலகப் பார்த்தேன், பணம் கட்ட முடியவில்லை, தவணை போட்டுக்கொடுத்தார்கள்" என்றாளாம். அந்த வீட்டில்தான் சேர்ந்தாள்.

ரெக்ரூட்மென்ட் ஆலோசகர் என்று ஒரு மூத்த மாணவி உங்கள் குழுவுக்கு இருப்பார்.  அவரைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

6. கையெழுத்து

இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். கடைசிச் சுற்று முடிந்ததும், களைத்துப் போன நேரத்தில், ஒரு ஒப்பந்தத்தை முன்னால் வைப்பார்கள். அதில் நீங்கள் வரிசைப்படுத்தும் ஒவ்வொரு வீடும் 'இவர்கள் அழைத்தால் வருவேன்' என்ற வாக்கு. அவர்களில் ஒருவர் பிட் கொடுத்து (நம்மூர் தேர்வறைப் பிட்டோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், இது அழைப்புச் சீட்டு) நீங்கள் மறுத்தால், அடுத்த ஆண்டு முதன்மைச் சேர்க்கை வரை அந்த வளாகத்தில் இந்த பான்ஹெலனிக் சங்கங்களின் வேறெந்தக் கிளையிலும் சேர முடியாது. அதாவது மனமில்லாத வீட்டை 'இருக்கட்டுமே' என்று எழுதிவைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். மறுபக்கம், ஒரே ஒரு வீட்டை மட்டும் எழுதினால் எதுவுமே கிடைக்காமல் போகலாம்.

என் மகள் அன்று இரவு பத்தே முக்காலுக்கு அழைத்தாள். இரண்டு வீடுகள், இரண்டாவது அவளுக்குப் பிடிக்கவில்லை. நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: "இரண்டாவது வீடு மட்டும்தான் உலகத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள். சேர்வாயா, சும்மா இருப்பாயா?" ஐந்து நிமிடம் பேச்சில்லை. "சும்மா இருப்பேன்" என்றாள். அப்படியென்றால் எழுதாதே என்றேன். ஒன்றை மட்டும் எழுதினாள். கிடைத்தது, கிடைக்காமலும் போயிருக்கலாம், அதற்கும் தயாராகத்தான் இருந்தாள்.

7. சேர்ந்த பிறகு கதவு எது வரை திறந்திருக்கும்

பிட் வாங்கிய நாளில் நீங்கள் முழு உறுப்பினர் அல்ல. அதற்குப் பிறகு சில வாரங்கள் புது உறுப்பினர் காலம். அது முடிந்துதான் தீட்சை போன்ற சடங்கு. சடங்கு நடந்துவிட்டால் பான்ஹெலனிக் சங்கங்களில் வேறொன்றில் வாழ்நாள் முழுவதும் சேர முடியாது. ஆகவே யோசிக்க உண்மையான அவகாசம் இந்த வாரங்கள்தான். ஒவ்வொரு ஞாயிறும் பழைய தாளை எடுத்துப் பாருங்கள்: சொன்ன பணம்தானா, சொன்ன நேரம்தானா, இவர்களில் யாரிடமாவது காய்ச்சல் என்று சொல்லி மாத்திரை வாங்கித்தரக் கேட்பேனா?

இடம் கிடைக்காதவர்கள் உடனே மனம் தளர வேண்டாம். ஆள் நிரம்பாத கிளைகள் செப்டம்பரிலும் வசந்த செமஸ்டரிலும் ஆரவாரமில்லாமல் பெண்களைச் சேர்த்துக்கொள்கின்றன. தெற்காசிய, பல்பண்பாட்டு அமைப்புகளின் அறிமுகக் கூட்டங்கள் இந்த வாரத்தோடு தொடர்பில்லாமல் தனியே நடக்கும்.

விலகுவதென்று முடிவு செய்தால் சடங்குக்கு முன் செய்யுங்கள், வாயால் சொன்னதோடு விட்டுவிடாதீர்கள். என் அக்கா மகள் தலைவியிடம் நேரில் சொல்லி, கட்டிப்பிடித்து, அழுது, விடைபெற்று வந்தாள். அவளுடைய வங்கிக் கணக்கிலிருந்து அடுத்த இரண்டு மாதங்களும் தவணை பிடிக்கப்பட்டது. மின்னஞ்சலில் எழுதுங்கள், கிளைத் தலைவி, பொருளாளர், கல்லூரி அலுவலகம் மூவருக்கும் நகல் அனுப்புங்கள், தானியங்கிப் பிடித்தத்தை அன்றே நிறுத்துங்கள். வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால் அதை ரத்து செய்வது தனி வேலை. அதற்கு உறுப்பினர் விலகல் கடிதம் போதாது.